பாதி இறக்கம்

நாற்பதாவது வளைவின் பலகை என் ஜன்னலைத் தாண்டக்கூட இல்லை, தன் பழைய வண்டியை எனக்கு விற்பதற்காக ஓட்டிக் காட்டிக்கொண்டிருந்த துணிக்கடை கமால் பாய் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்துவிட்டார். அணைத்துவிட்டு என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு வேறு, விருந்தாளி முன்னால் தன் பிள்ளையைப் பாடச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கும் அப்பா மாதிரி. "இப்பக் காதைக் குடுத்துக் கேளுங்க தம்பி. சத்தம் இருக்குதா? எஞ்சின் தூங்குது. வண்டி அது பாட்டுக்குப் போகுது." அது பாட்டுக்குத்தான் போனது. தாரில் டயர் உரசுகிற சத்தம், காற்று, எங்கோ பின்னால் ஒரு தகரம் அதிர்கிற சத்தம், அவ்வளவுதான். எனக்கு எஞ்சின் சத்தம் வேண்டும்போல் இருந்தது. சத்தம் இருந்தால் யாரோ விழித்திருக்கிறார்கள் என்று ஒரு தைரியம். "மீட்டரப் பாத்ததும் உங்க மூஞ்சி போன போக்க நானும் பாத்தேன்," என்றார் பாய். "ரெண்டு லட்சத்தத் தாண்டிருச்சுதான், இல்லைங்கல. ஆனா இது வேற எங்க போயிருக்கு? கடைக்குத் துணி எடுக்கப் பொள்ளாச்சி, திரும்பி வீடு. பாதி ஏத்தம், பாதி எறக்கம். எறக்கத்துல நான் எஞ்சினே போட மாட்டேன். அப்ப எஞ்சின் ஓடுனது எவ்வளவு? ஒரு லட்சம். ஒரு லட்சமெல்லாம் ஒரு ஓட்டமா?" சமவெளியில் யாரிடமாவது இந்தக் கணக்கைச் சொன்னால் ஆளை ஒரு மாதிரி பார்ப்பார்கள். எங்கள் மலையில் யாரும் பார்க்க மாட்டார்கள். இங்கே ஜீப்காரர், பால் வேன்காரர், எல்லோரும் இறக்கத்தில் அணைத்துவிட்டுத்தான் இறங்குவார்கள், அதில் ஒரு பெருமையும் உண்டு, சொட்டு டீசல் இல்லாமல் செக்போஸ்ட் வரைக்கும் வந்தேன் என்று டீக்கடையில் சொல்லிக்கொள்வார்கள். நானும் தலையாட்டினேன். தலையாட்டிக்கொண்டே உள்ளுக்குள் கணக்குப் போட்டேன். எஞ்சின் பாதிதான் ஓடியது, சரி. அந்தப் பாதி முழுக்க ஏற்றம், துணி மூட்டையோடு ஏற்றம். மற்ற பாதியில் வண்டியை யார் பிடித்து நிறுத்திக்கொண்டிருந்தது? பிரேக். எஞ்சின் தூங்கிய அந்த ஒரு லட்சம் கிலோமீட்டரும் பிரேக் தனியாக விழித்திருந்திருக்கிறது. இதைப் பாயிடம் சொல்லலாம். சொன்னால் சிரிப்பார். நல்ல மனிதர், என் அப்பாவிடம் தீபாவளித் துணிக்குத் தவணை கேட்டுக் கடிந்து ஒரு வார்த்தை பேசாதவர். அதோடு இப்போது ஸ்டியரிங் அவர் கையில் இருக்கிறது, பள்ளம் என் பக்கம் இருக்கிறது.

மூக்கால் இழுத்துப் பார்த்தேன். இது என் தொழில் வியாதி. எஸ்டேட் ஃபேக்டரியில் நான் எலக்ட்ரீஷியன். இலை வாட்டுகிற ஃபேன், ரோலர், டிரையர், எதன் மோட்டார் போகப்போகிறது என்றாலும் முதலில் வாடைதான் சொல்லும். உள்ளே இருக்கிற கம்பிச்சுருள் கருகுவதற்கு ஒரு நாள் முன்பே லேசாக, வறுத்த பட்டாணி மாதிரி ஒரு வாடை வரும், மேஸ்திரிக்கு வராது, எனக்கு வரும். பெரிய திறமை என்று நினைக்க வேண்டாம், அது ஒரு தண்டனை. நன்றாக ஓடுகிற மெஷினை யாரும் என்னிடம் காட்டுவதில்லை. நின்றுபோனதைத்தான் காட்டுவார்கள். அதனால் எனக்கு உலகத்தில் எதைப் பார்த்தாலும் அது எப்படி நிற்கும் என்றுதான் முதலில் தோன்றும். கல்யாண வீட்டில் சீரியல் பல்பு போட்டிருந்தால்கூட எது முதலில் அணையும் என்று பார்த்துக்கொண்டு நிற்பேன். என் மனைவி சலோமி கிண்டல் செய்வாள், "ஜெயசீலன் வந்தாச்சா, அப்ப கரண்டு போகப்போகுது" என்று. கிண்டல் செய்வாள் என்று சொல்கிறேன், செய்துகொண்டிருந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும், போன வருஷம் வரைக்கும். இப்போது அவளுக்கு எட்டாம் மாதம். காலையில் சட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது கட்டிலில் உட்கார்ந்தபடி சொன்னாள். "பிடிச்சிருந்தா வாங்குங்க. பிடிக்கலைன்னா மறைக்காம சொல்லிடுங்க, நாளைக்கே பொள்ளாச்சிக்கு எங்க அக்கா வீட்டுக்குப் போயிடறேன். ஆனா நீங்களும் வரணும்." நான் எப்படிப் போவது? இலை சீசன். இந்த நேரத்தில் எலக்ட்ரீஷியனுக்கு ஒரு மாதம் லீவு கொடுக்கிற ஃபேக்டரி எங்கேயும் இல்லை. கொடுக்க மாட்டார்கள் என்று அவளுக்கும் தெரியும். அதனால் அவள் சொன்னதன் அர்த்தம், வண்டியை வாங்கு என்பதுதான். வண்டி இருந்தால் இங்கேயே என்னோடு இருப்பாள், டாக்டர் சொன்ன தேதிக்கு இரண்டு வாரம் முன்னால் கூட்டிக்கொண்டு இறங்கினால் போதும். அதற்கு முன்னால் ஏதாவது ஆனால்? எஸ்டேட் ஆஸ்பத்திரியில் நர்ஸ் அக்கா இருக்கிறார், ஊசி போடுவார், அதற்கு மேல் பொள்ளாச்சிதான். ஆம்புலன்ஸ் கூப்பிட்டால் வரும், வேறு யாரையும் ஏற்றிக்கொண்டு போயிருக்காவிட்டால். ஆக எல்லாம் இந்த வண்டியில் வந்து நிற்கிறது. நிற்கிறது என்ற வார்த்தையை இப்போது நினைத்திருக்க வேண்டாம்.

முப்பத்தி நாலு. பாய் வளைத்தார். வலது பக்கம் தேயிலை போய்விட்டுப் பாறை வந்தது, என் பக்கம் மஞ்சு, வெள்ளைப் பனிமூட்டம், நிரம்பிய பள்ளம், கீழே அணையின் தண்ணீர் ஒரு துண்டு மட்டும் தெரிந்து மறைந்தது. இந்தப் பலகைகளைப் பார்க்கக் கூடாது என்று வீட்டிலிருந்தே நினைத்துக்கொண்டு வந்தேன். பார்க்கிறேன். ஒவ்வொன்றையும் பார்க்கிறேன். இதுவா, இதற்கு அடுத்ததா? போன வருஷம் எல்லாம் முறைப்படிதான் செய்தோம், அதுதான் எனக்கு இன்றைக்கும் விளங்காதது. ஏழாம் மாதமே பொள்ளாச்சியில் அக்கா வீட்டில் கொண்டுபோய் விட்டேன். அடுத்த தெருவில் ஆஸ்பத்திரி, நடந்தே போகலாம். பயப்பட ஒன்றும் இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள், நான்கூட நம்பினேன். ஒரு செவ்வாய்க்கிழமை குழந்தை அசையவில்லை என்று அக்கா போன் செய்தார். பஸ் ஏறினேன். பஸ் அதன் வழக்கப்படி ஒவ்வொரு வளைவிலும் பெரிய மூச்சு விட்டு நின்று திரும்பியது, ஒரு இடத்தில் எதிரே வந்த லாரிக்காகப் பின்னால் போனது, ஒரு ஆள் ஆற அமர இறங்கினான். நான் முன் சீட்டில் உட்கார்ந்து வலது காலால் தரையை அழுத்திக்கொண்டே வந்தேன், அங்கே ஆக்ஸிலேட்டர் இருப்பது மாதிரி. அழுத்தினால் வேகமாகப் போகும் என்று கால் நம்பியது. போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து அக்காவின் பூப்போட்ட துண்டில் சுற்றி வைத்திருந்தார்கள். பெண் குழந்தை. சலோமி அழவில்லை. என்னை வெகு நேரம் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அப்ப நீங்க எத்தனாவது வளைவுல இருந்தீங்க?" அவள் குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள், நான் எங்கே இருந்தேன் என்று தெரிந்தால் அந்த நேரத்தில் என்னையும் ஒரு இடத்தில் வைத்துப் பார்க்கலாம் என்று நினைத்தாளோ என்னவோ. எனக்குத் தெரியவில்லை. இருபதுக்கும் பதினாறுக்கும் நடுவே எங்கோ. அன்றிலிருந்து இந்தப் பாதையில் போகும்போதெல்லாம் அந்த ஐந்து பலகைகளிலும் என் நெஞ்சு ஒரு முறை நின்று போகிறது. இந்த முறை அக்கா வீட்டுக்குத் தனியாகப் போக மாட்டேன் என்று அவள் சொல்வது பிடிவாதம் இல்லை. பத்திரமான இடம் எது என்று அவளுக்கு ஏற்கெனவே காட்டியாகிவிட்டது.

"கால் நீட்டி வசதியா உக்காருங்க தம்பி," என்றார் பாய். அப்போதுதான் என் காலைப் பார்த்தேன். வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. பஸ்ஸில் ஆக்ஸிலேட்டர், இன்றைக்கு பிரேக். இல்லாத பிரேக்கை ஒவ்வொரு வளைவிலும் நான் மிதித்துக்கொண்டு வந்திருக்கிறேன், ஆடுசதை கட்டிப்போயிருந்தது. வெட்கமாக இருந்தது. காலை எடுத்தேன். எடுத்தபோது காலடியில் விரித்திருந்த மேட்டில் ஒரு குழி தெரிந்தது. கறுப்பு ரப்பர் மேட், மற்ற இடமெல்லாம் வரி வரியாக நன்றாகத்தான் இருந்தது, என் வலது பாதம் இருந்த இடத்தில் மட்டும் வரியெல்லாம் வழுவழு என்று தேய்ந்து, நடுவில் ஓட்டையே விழுந்து அடியில் இருக்கிற தகரம் தெரிந்தது. பின் சீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அங்கே மேட் புதுசு. டிரைவர் பக்கம்கூட இவ்வளவு தேயவில்லை. என் பக்கம்தான், அதிலும் அந்த ஒரே இடம். எதையாவது வைத்து இழுத்திருப்பார்கள், துணி மூட்டை, இரும்புப் பெட்டி. இல்லை. மூட்டை இழுத்தால் கிழியும், இப்படித் தேயாது. மெஷினில் தேய்மானம் பார்த்துப் பழகியவன் நான். இது ஒரே விசை ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப, வருஷக்கணக்காக, விழுந்த தேய்மானம். இந்த இடத்தில் யாரோ உட்கார்ந்து என்னைப் போலவே மிதித்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். இத்தனை நேரம் எனக்கு மட்டும்தான் பயம் என்று நினைத்திருந்தேன். இந்த வண்டிக்குள் எனக்கு முன்பே ஒரு பயம் குடியிருந்திருக்கிறது, என் காலை அது இருந்த இடத்திலேயே கொண்டுபோய் உட்கார வைத்திருக்கிறது. நல்ல சகுனமா கெட்ட சகுனமா? வண்டியை நன்றாகத் தெரிந்த ஒருவர் அதை இவ்வளவு நம்பாமல் இருந்திருக்கிறார். வாங்காதே என்று சொல்ல இதைவிட வேறென்ன வேண்டும்?

இருபத்தி இரண்டில் மஞ்சு ரோட்டுக்கே வந்துவிட்டது. வளைந்ததும் எதிரே வரையாடுகள். நாலைந்து, நடு ரோட்டில், குட்டியோடு, எங்களை ஒரு பொருட்டாகவே மதிக்காமல். பாய் மிதித்தார். வண்டி நிற்பதாக இல்லை. மறுபடி மிதித்தார். எஞ்சின் அணைந்திருந்தால் இரண்டு மூன்று மிதிக்கு மேல் பெடல் கல்லாகிவிடும், ஃபேக்டரி ஜீப்பில் எனக்கே அனுபவம் உண்டு. இப்போது கல்லாகிவிட்டது என்பது அவர் தோள் முன்னால் போனதில் தெரிந்தது. என் கால் ஓட்டையில் தகரம் வரைக்கும் இறங்கியது. சலோமி. முதலில் வந்தது அவள் பெயர்தான், ஆண்டவர் பெயர்கூட இல்லை. பாய் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்பது போல மிதித்தார், வண்டி முனகிக்கொண்டே போய்க் குட்டி ஆட்டின் முன்னால், அதன் மூக்கு பானெட்டை முகர்ந்து பார்க்கிற தூரத்தில், நின்றது. ஆடுகள் நிதானமாகப் பாறை மேல் ஏறிப் போயின. பிரேக் காய்ந்த வாடை உள்ளே வந்தது. "பாத்தீங்களா, நின்னுருச்சு," என்றார் பாய். அவர் மேல் உதட்டில் வேர்த்திருந்தது. எனக்குக் கோபம் வந்தது. "எஞ்சின் ஓடியிருந்தா இன்னும் முன்னாடியே நின்னிருக்கும் பாய்," என்றேன், குரல் என்னுடையது மாதிரியே இல்லை. அவர் என்னைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார். "எங்க வீட்ல சொல்றதையே நீங்களும் சொல்றீங்க," என்று கதவைத் திறந்து இறங்கினார். "போதும், நீங்க எடுங்க. மேல ஏத்திப் பாருங்க." இடம் மாறி உட்காரும்போதுதான் உறைத்தது. வண்டி நின்றது. அவ்வளவு மோசமாக ஓட்டியும் நின்றது. இருபத்தி ஒன்றுக்குக் கீழே போகாமலே திரும்புகிறோம் என்பதும் உறைத்தது, அந்த ஐந்து பலகைகளை இன்றைக்குப் பார்க்க வேண்டியதில்லை. அந்த நிம்மதியும் ஒரு கோழைத்தனம்தான்.

ஏற்றத்தில் நான் எடுத்தேன். எஞ்சின் முதல் திருப்பிலேயே பிடித்துக்கொண்டது. இரண்டாம் கியர், லேசான கறுப்புப் புகை, ஒரு டக் டக் சத்தம், அது இஞ்செக்டராக இருக்கலாம், வெறும் பழசாகவும் இருக்கலாம். மெக்கானிக் வின்சென்ட் போன வாரமே வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, பிரேக்கை முழுசாக மாற்றிவிட்டால் வண்டி ஓடும் என்றான். எவ்வளவு நாள் ஓடும் என்று கேட்டேன். "உங்களுக்கு எவ்வளவு நாள் ஓடும்னு டாக்டர் எழுதிக் குடுத்திருக்காரா?" என்றான், விளையாட்டாகத்தான். அதிலிருந்து அந்தக் கேள்வியும் கூடவே சுற்றுகிறது. மீட்டரில் கடைசி எண் நான் பார்க்கும்போதே மெல்லப் புரண்டது. ஒவ்வொரு வளைவும் ஏறும்போது, இதே இடம், மழை, இருட்டு, பின்னால் சலோமி, டக் டக் நின்றுவிட்டால், என்று மனம் ஒவ்வொரு இடத்திலும் வண்டியை நிறுத்தி நிறுத்திப் பார்த்தது. வண்டி நிற்கவில்லை, நான்தான் நிறுத்திக்கொண்டே வந்தேன். சரி, நிற்கவே இல்லை என்று வைத்துக்கொள்வோம். புத்தம் புது வண்டி என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒன்று இருக்கிறது, அதைத்தான் இத்தனை நாளும் மீட்டர், பிரேக், எஞ்சின் என்று சொல்லி மூடி வைத்திருக்கிறேன். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தால் அவளை யார் பிடித்துக்கொள்வது? அவளுக்கு அம்மா இல்லை, என் அம்மாவும் போய்ச் சேர்ந்தாயிற்று. எஸ்டேட் லைனில், ஒட்டிக் கட்டிய பக்கத்து வீடுகளில், எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள். முன்னால் கண்ணை ரோட்டில் வைத்துக்கொண்டு நான், பின்னால் தனியாக அவள், நடுவில் ஒரு சீட்டின் முதுகு. பஸ்ஸிலாவது நான் பதினாறு இருபது வளைவுக்கு அந்தப் பக்கம் இருந்தேன். இதில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்துகொண்டே திரும்பிப் பார்க்க முடியாமல் இருப்பேன். இதற்கு எந்த மெக்கானிக்கிடம் காட்டுவது? வேண்டாம். வேண்டாம் என்று சொல்லிவிடலாம். கடைக்குப் பின்னால் பாயின் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியபோது முடிவே செய்திருந்தேன், பாய் மன்னிச்சுக்கோங்க, வேற பாத்துக்கறேன், என்று நாக்கு நுனியில் வைத்திருந்தேன்.

வாசலில் பாயின் மனைவி, ஜொஹரா அம்மா, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். கடையில் பார்த்திருக்கிறேன், ஜாக்கெட் துணி அளந்து கிழிப்பார், பேச்சு அதிகம் இருக்காது. இப்போது வலது முட்டியில் ஒரு பட்டை கட்டியிருந்தது புடவைக்கு மேலேயே தெரிந்தது. நான் இறங்கி இரண்டு அடி நடந்தேன். ஆடுசதை இன்னும் இழுத்துக்கொண்டுதான் இருந்தது. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தார். "கால் வலிக்குதா தம்பி?" என்றார். நான் அப்படியே நின்றுவிட்டேன். "எறக்கத்துல ஆஃப் பண்ணிட்டாரா?" என்றார் அடுத்து. பாய் வண்டிக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார், அது சுத்தமாகத்தான் இருந்தது. "கல்யாணம் ஆன நாள்ல இருந்து சொல்றேன். கேக்கற ஆளா? இவரு எஞ்சின ஆஃப் பண்ணுவாரு, நான் இந்தப் பக்கம் பிரேக்கு புடிப்பேன். இந்த முட்டி போனதே அதுலதான். டாக்டர் வயசுங்கறாரு, அவருக்கு என்ன தெரியும்? இனி வண்டில ஏற மாட்டேன்னுட்டேன். நான் ஏறலைன்னா இவருக்கும் ஓட்டத் தெம்பு இல்ல. அதான் விக்கிறோம்." "ஒரு தடவையாவது எங்கயாச்சும் நின்னிருக்கா, சொல்லேன்," என்றார் பாய் கண்ணாடியிடம். "நிக்கல," என்றார் அவர். "அதுக்கு நான் காரணம்." எனக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தேன். சலோமிக்கு எத்தனை மாசம் என்று ஜொஹரா அம்மா கேட்டார். எட்டு என்றேன். போன வருஷம் நடந்ததை நான் சொல்லவில்லை, சின்ன ஊர், அவருக்குத் தெரிந்திருக்கும். "முன்னாடி உக்கார வைக்காதீங்க. பின்னாடி படுக்க வைங்க. பின்னாடின்னா ரோடு தெரியாது, பயம் கொஞ்சம் கம்மி." "நான் ஓட்டுவேன்," என்றேன். அதற்கு மேல் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. "நான் ஓட்டினா அவ கூட யாருமில்லம்மா. பின்னாடி யாருமில்ல." அவர் முட்டியைத் தடவிக்கொண்டார். வண்டியைப் பார்த்தார், பழகிய எதிரியைப் பார்க்கிற பார்வை. "எந்நேரமா இருந்தாலும் இவருக்கு ஒரு போன் அடிங்க," என்றார். "நான் வர்றேன். அந்தப் புள்ளைய நான் மடில போட்டுக்கறேன்." பாய் துடைப்பதை நிறுத்திவிட்டார். "நீயா? ஏற மாட்டேன்னியே?" "எஞ்சின ஆஃப் பண்ணாம ஓட்டுற ஆளு கூட ஏறுவேன்," என்றார் ஜொஹரா அம்மா. பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். அது அங்கேயே, அந்த மஞ்சில், எல்லா வளைவிலும் நின்றுகொண்டிருந்தது. ஆனால் சலோமி இனி என்ன கேட்டாலும் என்னிடம் பதில் இருக்கும். எத்தனாவது வளைவாக இருந்தாலும், உன்னோடு. "பிரேக்க முழுசா மாத்தணும் பாய்," என்றேன். "நாளைக்கே வின்சென்ட்கிட்ட விட்டுட்டு எடுத்துக்கறேன்." பாய்க்குச் சந்தோஷம் தாங்கவில்லை, எனக்கு ஏதாவது கொடுத்தாக வேண்டும்போல் சுற்றும் முற்றும் பார்த்தார், சட்டென்று முன் கதவைத் திறந்து குனிந்தார். "இந்த மேட்டு ஓட்டையா இருக்கு தம்பி, புதுசு ஒண்ணு போட்டுத் தர்றேன்," என்று அதை உருவப் போனார்.

"அது இருக்கட்டும்," என்றோம், ஜொஹரா அம்மாவும் நானும் ஒரே நேரத்தில்.